கேட்டீர்களே, சொல்கிறேன்: பச்சை நரகம்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கைப் 'பச்சை நரகம்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அஜித் ரேஸ் காரில் ஏறினாலும் ஏறினார், தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் டயர் பேச்சுதான். அதனால் இந்த இதழில் சினிமா, அரசியல், மாமியார் மருமகள் எல்லாவற்றுக்கும் லீவு.

நரகம் என்றாலே கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரைதான் ஞாபகம் வரும். அதென்ன பச்சை நரகம்? (திருப்பூர்)

அங்கே கொப்பரைக்குப் பதில் பெட்ரோல் டேங்க். ஜெர்மனியின் மேற்குப் பக்கம் ஐஃபெல் என்று ஒரு மலைப்பகுதி இருக்கிறது. அந்தக் காட்டுக்குள் ஏறி, இறங்கி, நெளிந்து 22.8 கிலோமீட்டர் ஓடிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற சாலைதான் நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று. இரண்டு பக்கமும் மரம், புதர், பள்ளம், எங்கே பார்த்தாலும் பச்சை.

பெயர் வைத்தவர் ஜாக்கி ஸ்டூவர்ட். ஸ்காட்லாந்துக்காரர், ஃபார்முலா ஒன் கார் ரேஸில் மூன்று முறை உலக சாம்பியன். 1968 ஆகஸ்டில் நடந்த ஜெர்மன் கிராண்ட் ப்ரீயில் (அந்த உலகப் பட்டத்துக்கான ரேஸ்களில் ஒன்று) கொட்டுகிற மழை, அது போதாதென்று மலைமேல் மூடுபனி. முன்னால் போகிற காரே கண்ணுக்குத் தெரியாது, அதன் சக்கரம் வாரி இறைக்கிற தண்ணீர்தான் தெரியும். ஸ்டூவர்ட்டுக்கு அப்போது மணிக்கட்டு எலும்பு முறிந்து பிளாஸ்டிக் கட்டு வேறு. ஆறாவது இடத்திலிருந்து கிளம்பியவர் முதல் சுற்று முடிவதற்குள் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். 14 சுற்று முடிந்தபோது, இரண்டாவதாக வந்த கிரஹாம் ஹில்லுக்கும் அவருக்கும் இடைவெளி 4 நிமிடத்துக்கும் மேல். இன்றைக்கு அரை விநாடியில் ஜெயித்தாலே தலைப்புச் செய்தி, இதில் நான்கு நிமிடம்!

அந்த டிராக்கை மிக அதிகமாக வெறுத்தவரும் அதே ஸ்டூவர்ட்தான். ஜெர்மன் ரேஸுக்குப் புறப்படும் ஒவ்வொரு தடவையும், திரும்பி வருவோமா மாட்டோமா என்று வீட்டை ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் போவாராம்.

காட்டுக்குள் போய் இப்படி ஒரு சாலையை எதற்குக் கட்டினார்கள்? யாருக்கு இந்த விபரீத ஆசை? (கும்பகோணம்)

விபரீத ஆசை இல்லை அம்மா, வேலையில்லாத் திண்டாட்டம். முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனி ஓட்டாண்டியாகிக் கிடந்தது. அதிலும் ஐஃபெல் பகுதி பரம ஏழை. 1920களின் தொடக்கத்தில் அங்கே கிராமத்துச் சாலைகளிலேயே கார் ரேஸ் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடு மாடும் மனிதர்களும் நடக்கிற சாலை, ஆபத்து என்று தெரிந்துபோயிற்று. உள்ளூர் நிர்வாக அதிகாரியாக இருந்த ஓட்டோ க்ராய்ட்ஸ், ரேஸுக்கென்றே தனிச் சாலை போட்டால் ஊர் ஜனங்களுக்கு வேலையும் கிடைக்கும், கார் கம்பெனிகளுக்குச் சோதனை ஓட்ட இடமும் கிடைக்கும், நாலு காசும் வரும் என்று பின்னால் நின்று காரியத்தை நடத்தினார். 1925 செப்டம்பரில் அடிக்கல், 1927 ஜூனில் திறப்பு விழா. கார்களுக்கான முதல் ரேஸில் மெர்சிடீஸ் ஓட்டி ஜெயித்தவர் ருடால்ஃப் காரச்சியோலா.

பாருங்கள், இது பாதுகாப்புக்காகக் கட்டிய டிராக்! ஊருக்கு நடுவே ஓட்டாமல் ஒதுக்குப்புறமாக ஓட்டட்டும் என்று நல்ல மனதோடு கட்டியது. 1927-ன் காருக்கு அது பாதுகாப்பாகவும் இருந்திருக்கலாம். கார் மட்டும் வளர்ந்துகொண்டே போனது, சாலை அப்படியே இருந்தது. அந்தக் காலத்தில் வடக்குச் சுற்றோடு தெற்கே சுமார் 7.7 கிலோமீட்டரில் இன்னொரு சுற்றும் இருந்தது.

எங்கள் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அரசு பஸ் டிரைவர் ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுகிறார். இதற்கா இத்தனை அலட்டல்? (நாமக்கல்)

கொல்லிமலை டிரைவருக்கு என் வணக்கம். அவர் தினம் அதே சாலையில் ஏறி இறங்குகிறவர், அந்த மலை அவருக்கு வீட்டு மாடிப்படி மாதிரி. விஷயமே அதில்தான் இருக்கிறது.

மொனாக்கோ மாதிரி சின்ன டிராக்கில் ஒரு ரேஸில் 78 சுற்று. ஒரே வளைவை 78 தடவை பார்த்துவிடலாம், அரைத் தூக்கத்தில்கூட ஞாபகம் இருக்கும். நூர்பர்க்ரிங்கில் ஸ்டூவர்ட் ஜெயித்த அந்த ரேஸில் 14 சுற்றுதான். சின்னதும் பெரியதுமாக எண்ணினால் 150-க்கு மேல் வளைவு என்று எழுதுவார்கள் (எண்ணுகிறவரைப் பொறுத்துக் கணக்கு மாறும், அதை விடுங்கள்). பாதி வளைவுகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, மேடு மறைத்துவிடும். ஒன்றுபோலவே நாலு மேடு வரும். மூன்றுக்கு அப்பால் சாலை நேராகப் போகும், நாலாவதற்கு அப்பால் இடது பக்கம் திரும்பும். எத்தனையாவது மேட்டில் இருக்கிறோம் என்பதை மறந்தால் தீர்ந்தது கதை.

அடுத்தது வானிலை. டிராக்கின் தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். இந்தப் பக்கம் வெயில் அடிக்கும், அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கும். எந்த டயரைப் போடுவது? காய்ந்த சாலை டயர் போட்டால் அங்கே வழுக்கும், மழை டயர் போட்டால் இங்கே தேய்ந்து போகும்.

எல்லாவற்றையும்விட மோசம், உதவி வந்து சேரும் நேரம். இத்தனை நீளமான காட்டுப் பாதையில் வளைவுக்கு வளைவு தீயணைப்பு ஆள் நிறுத்த முடியுமா? ஆம்புலன்ஸ்தான் எத்தனை வைக்க முடியும்? ஒருவர் புதருக்குள் பாய்ந்துவிட்டால், அடுத்த சுற்றில் அவர் வரவில்லையே என்று பிட்டில் (பெட்ரோல் போட்டு டயர் மாற்றுகிற இடம்) இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கும்போதுதான் பலமுறை விஷயமே தெரியும். என்னைக் கேட்டால் அந்த டிராக்கின் எமன் வேகம் இல்லை, நீளம்தான்.

ஃபாஞ்சியோ என்று ஒருவர் அங்கே அசாத்தியமாக ஓட்டினார் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா, தாத்தா விட்ட கதையா? (காரைக்குடி)

தாத்தா சொன்னது சத்தியம். 1957 ஆகஸ்ட் 4. அர்ஜென்டினாவின் ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோவுக்கு அப்போது வயது 46. ரேஸ் 22 சுற்று. ஃபெராரிக்காரர்கள் மைக் ஹாதார்னும் பீட்டர் காலின்ஸும் டேங்க் நிறையப் பெட்ரோலோடு, நிற்காமல் ஓடுவது என்று திட்டம் போட்டிருந்தார்கள். ஃபாஞ்சியோ தன் மசராட்டியில் பாதி டேங்க் மட்டும் நிரப்பி, எடை குறைவாக, வேகமாக ஓடி முன்னிலை எடுத்துவிட்டு நடுவில் ஒருமுறை பிட்டுக்கு வந்து பெட்ரோலும் டயரும் போட்டுக்கொள்வது என்று வேறு கணக்குப் போட்டார். 12-வது சுற்று முடிவில் அரை நிமிட முன்னிலையோடு வந்தும் நின்றார். அங்கேதான் சொதப்பல். சக்கரத்தின் நட்டு ஒன்று உருண்டு காருக்கு அடியில் போய்விட்டதாம், ஆள் ஆளுக்குத் தேடியிருக்கிறார்கள். ஃபாஞ்சியோ மறுபடி கிளம்பும்போது ஃபெராரி இரண்டும் முக்கால் நிமிடத்துக்கு மேல் முன்னால் போய்விட்டன. மிச்சம் 10 சுற்று.

அப்புறம் அவர் செய்ததைத்தான் இன்றுவரை பேசுகிறார்கள். எந்த வளைவில் எந்த கியர் என்று தானே வைத்திருந்த கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு கியர் மேலேயே வைத்து வளைவுகளை எடுத்தார். சுற்றுக்குச் சுற்று பழைய சாதனையை உடைத்து, கடைசியில் 9 நிமிடம் 17.4 விநாடி. ரேஸுக்கு முன்னால், கிளம்பும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் அவரே எடுத்திருந்த நேரத்தைவிட இது 8 விநாடி குறைவு. 21-வது சுற்றில் இரண்டு ஃபெராரிகளையும் தாண்டி, 3.6 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐந்தாவது உலகப் பட்டமும் அன்றைக்கே உறுதியானது. வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை, இனிமேல் அப்படி ஓட்டவும் விரும்பவில்லை என்பது போல அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலக சாம்பியன்ஷிப்பில் அதுதான் அவருடைய கடைசி வெற்றி.

தாத்தா இதைச் சொன்னாரா, தெரியவில்லை. அன்றைக்குத் தோற்ற பீட்டர் காலின்ஸ், சரியாக ஒரு வருஷம் கழித்து, 1958 ஜெர்மன் கிராண்ட் ப்ரீயில், அதே டிராக்கின் ஃப்ளான்ஸ்கார்ட்டன் பகுதியில் சாலையை விட்டுப் பறந்தார். பின்னாலேயே வந்த நண்பர் ஹாதார்ன் அதைக் கண்ணால் பார்த்தார். காலின்ஸுக்கு 26 வயது.

அங்கே மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்? (கோவை)

உலக சாம்பியன்ஷிப் ரேஸ்களையும் அவற்றின் பயிற்சி ஓட்டங்களையும் மட்டும் எடுத்தால் ஐந்து பேர். 1954-ல் ஒனோஃப்ரே மாரிமோன், 1958-ல் காலின்ஸ், 1964-ல் நெதர்லாந்தின் கரேல் கோடின் டி போஃபோர்ட், 1966-ல் ஜான் டெய்லர், 1969-ல் கெர்ஹார்ட் மிட்டர். மாரிமோன் ஃபாஞ்சியோவின் நாட்டுக்காரப் பையன், அவர் கைபிடித்துக் கூட்டிவந்தவர். பயிற்சியில் மாரிமோன் போனார், மறுநாள் ஃபாஞ்சியோ ரேஸ் ஓட்டி ஜெயித்தார். அந்தக் காலத்து வழக்கம் அது, எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை. மற்ற கார் ரேஸ், பைக் ரேஸ், காசு கட்டி ஓட்ட வந்த பொதுஜனம் என்று சேர்த்தால் பட்டியல் ரொம்ப நீளம்.

ஸ்டூவர்ட் பயந்தாங்கொள்ளி, அவரால்தான் ரேஸின் மவுசே போய்விட்டது என்று என் நண்பன் வாதாடுகிறான். (மதுரை)

உங்கள் நண்பரைப் போலவே அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர்களும் டிராக் முதலாளிகளும் பேசினார்கள். அவருக்கு இதைச் சொல்லுங்கள். 1966-ல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் மழையில் ஸ்டூவர்ட்டின் கார் சாலையை விட்டுப் பாய்ந்து நசுங்கியது. ஸ்டீயரிங் காலை அழுத்திப் பிடித்திருக்க, பெட்ரோல் கசிந்து உடம்பெல்லாம் நனைய, சுமார் 25 நிமிடம் உள்ளேயே கிடந்தார். ஒரு பொறி பட்டால் போதும். இழுத்துப் போட்டது யார் தெரியுமா? அதே இடத்தில் சறுக்கி நின்ற சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும். ஸ்டீயரிங்கைக் கழற்ற ஸ்பேனர் இல்லாமல், வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் இரவல் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஸ்டூவர்ட் தன் காரிலேயே ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு ஸ்பேனரை ஒட்டிவைத்துக்கொண்டுதான் ஓட்டினார். இந்த மனிதர்தான் மூடுபனியில் நான்கு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தவர். பயந்தாங்கொள்ளியாம்!

1970-ல் ஓட்டுநர்கள் ஒன்றாகச் சேர்ந்து, நூர்பர்க்ரிங்கைச் சரிசெய்யாமல் ஓட்டமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். ஜெர்மன் கிராண்ட் ப்ரீ அந்த வருஷம் ஹாக்கன்ஹைம் என்ற வேறு டிராக்குக்குப் போனது. அதற்கப்புறம்தான் மேடுகளைச் செதுக்கி, ஓர மரங்களை வெட்டி, இரும்புத் தடுப்பு வேலி போட்டார்கள். 1971-ல் ரேஸ் திரும்பி வந்தது. சாலை மழமழவென்று ஆனதும் கார் இன்னும் வேகமாக ஓடியது, நீளம் மட்டும் ஒரு மீட்டர்கூடப் பெரிதாகக் குறையவில்லை.

நிக்கி லாடாவின் முகம் எரிந்தது இங்கேதானே? முழு விவரமும் எழுதுங்கள். (தூத்துக்குடி)

இங்கேதான். ஆஸ்திரியாவின் லாடா 1975-ல் தகுதிச் சுற்றில் 6 நிமிடம் 58.6 விநாடியில் சுற்றி, அந்தப் பழைய முழு நீளத்தில் 7 நிமிடத்துக்குள் வந்த ஒரே ஆள் என்று பெயர் எடுத்தவர். அதனால் அடுத்த வருஷம் அவர், இந்த டிராக்கில் ஓட்டவேண்டாம், தீயணைப்பும் மீட்பும் போதாது என்று சொன்னபோது, ஓட்டத் தெரியாதவன் புலம்புகிறான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஓட்டுநர்கள் கூடி வாக்கெடுத்தார்கள். லாடா தோற்றார்.

1976 ஆகஸ்ட் 1. சாலை ஈரமாக இருந்ததால் கிட்டத்தட்ட எல்லாரும் மழை டயரில் கிளம்பினார்கள். ஜெர்மானியர் யோகன் மாஸ் மட்டும் துணிந்து காய்ந்த சாலை டயரில் போனார். முதல் சுற்று முடிவதற்குள் சாலை காயத் தொடங்கிவிட, மாஸ் போட்ட கணக்கு பலித்தது. மற்றவர்கள் வரிசையாகப் பிட்டுக்கு வந்து டயர் மாற்றினார்கள், லாடாவும்தான். விட்ட நேரத்தைப் பிடிக்க விரட்டிக்கொண்டு போனபோது, இரண்டாவது சுற்றில், பெர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால், லேசான இடது திருப்பத்தில் ஃபெராரி திடீரென்று வலது பக்கம் பிடுங்கிக்கொண்டு போய்க் கரையில் மோதித் தீப்பிடித்து, சாலைக்கே திரும்பி வந்தது. பின்னால் வந்த ஓட்டுநர் கய் எட்வர்ட்ஸ் எப்படியோ ஒதுங்கித் தப்பினார். ப்ரெட் லங்கர் அதன்மேல் மோதினார். ஹரால்ட் எர்ட்லும் வந்து சேர்ந்தார். மோதிய வேகத்தில் லாடாவின் ஹெல்மெட் கழன்று போயிருந்தது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். நெருப்புக்குள் கைவிட்டு அவரை வெளியே எடுத்தது இந்த மூன்று பேரும், அடுத்து வந்து காரை நிறுத்திவிட்டு ஓடி வந்த இத்தாலியர் ஆர்ட்டுரோ மெர்சாரியோவும்தான். பெல்ட்டைக் கழற்றியது மெர்சாரியோ. ரேஸில் போட்டி போட வந்த நான்கு பேர் தீயணைப்பு வேலையும் பார்த்தார்கள். லாடா எதற்குப் பயந்து ஓட்டுக் கேட்டாரோ அதேதான் நடந்தது.

முகமும் தலையும் வெந்துபோயின, வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதைவிட மோசம், எரிந்த காரின் விஷப்புகையை மூச்சில் இழுத்து நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து கடைசிச் சடங்கும் செய்துவிட்டுப் போனார். மனிதர் ஆறு வாரத்தில், செப்டம்பர் 12-ம் தேதி, இத்தாலியின் மோன்ஸாவில் ரத்தம் கசிகிற கட்டோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓட்டி நாலாவதாக வந்தார்! அந்த வருஷக் கடைசி ரேஸ் ஜப்பானில் மழைக்கு நடுவே நடந்தபோது, உயிரைவிடப் பட்டம் பெரிதில்லை என்று இரண்டே சுற்றில் இறங்கிப் போய்விட்டார். ஜேம்ஸ் ஹன்ட் ஒரே புள்ளியில் சாம்பியன். எனக்கு மோன்ஸாவைவிட இந்த இறங்கிப்போன லாடாவைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

வடக்குச் சுற்றில் ஃபார்முலா ஒன் ரேஸ் அதோடு சரி. லாடாவின் விபத்துதான் மூடவைத்தது என்று எழுதுகிறார்கள், பாதிதான் உண்மை. டி.வி. ஒளிபரப்பு பெரிதாகிக்கொண்டிருந்த நேரம், 22.8 கிலோமீட்டருக்குக் கேமரா வைத்து யாருக்குக் கட்டுப்படியாகும்? அங்கிருந்து கிளம்பவேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வளைவுகளுக்குப் பெயர் எல்லாம் உண்டாமே? (திண்டுக்கல்)

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. 'ஃபுக்ஸ்ரோரே' என்றால் நரிக்குழாய், சாலை போடும்போது ஒரு நரி குழாய்க்குள் ஓடி ஒளிந்ததாம். 'பெர்க்வெர்க்' என்றால் சுரங்கம். 'கால்கன்கோஃப்' என்றால் தூக்குமரத்து மேடு, ரேஸுக்கு வைத்த பெயரில்லை, பழைய காலத்தில் தூக்கிலிட்ட இடம். 'ஃப்ளுக்ப்ளாட்ஸ்' என்றால் விமானத்திடல். கார் அங்கே தரையை விட்டு எழும்புவதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, பக்கத்தில் கிளைடர் விமானத் திடல் இருந்தது. ஆனால் பெயர்ப் பொருத்தத்துக்குக் குறைவில்லை. 2015 மார்ச்சில் அதே இடத்தில் ஒரு கார் எழும்பித் தடுப்பு வேலியையே தாண்டி விழுந்து ஒரு பார்வையாளர் இறந்தார். பிறகுதான் அந்த இடத்தின் மேடுகளைச் சமப்படுத்தினார்கள்.

எனக்குப் பிடித்தது 'கருசெல்', ராட்டினம். வளைவின் உள்பக்கம் வடிகால் மாதிரி சரிந்த பள்ளம். காரச்சியோலா ஒரு ரேஸில் சக்கரத்தை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இறக்கி ஓட்டி, இப்படிப் போனால் கார் வெளியே வீசப்படாமல் வேகமாகத் திரும்பும் என்று காட்டினார் என்பார்கள். இன்றைக்கு அது கான்கிரீட் பலகைகள் பதித்த பள்ளம். ஒவ்வொரு பலகை இணைப்பிலும் தடக் தடக் என்று காரும் பல்லும் சேர்ந்து ஆடும். மேட்டில் ஏறி வரும்போது பள்ளத்தின் வாய் தெரியாது, இருப்பதிலேயே உயரமான மரத்தைக் குறிவைத்துப் போ என்று ஃபாஞ்சியோ சொன்னதாக ஒரு கதை உண்டு.

நம் நரேன் கார்த்திகேயன் இதில் ஓட்டியிருக்கிறாரா? (பொள்ளாச்சி)

2005-ல் நூர்பர்க்ரிங்கில் ஓட்டினார், ஆனால் இதில் இல்லை. 1984-ல் பக்கத்திலேயே சின்னதாக, பாதுகாப்பாக ஒரு புது டிராக் திறந்தார்கள், ஓட்டியது அதில். பெயர் ஒன்று, பயம் வேறு.

இன்றைய தேதிக்கு அங்கே வேகமான ஆள் யார்? (சேலம்)

2018 ஜூனில் டிமோ பெர்ன்ஹார்ட், போர்ஷே 919 காரில், 5 நிமிடம் 19.55 விநாடி. புது டிராக் கட்டும்போது வடக்குச் சுற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள், இப்போது 20.8 கிலோமீட்டர். ஆனால் அது ரேஸ் விதிகளுக்குள் அடங்காமல் சாதனைக்கென்றே மாற்றிய கார், டிராக்கில் வேறு வண்டியும் கிடையாது. அதற்கு முன் 35 வருஷம் அசையாமல் நின்ற சாதனை ஷ்டெஃபான் பெலோஃபுடையது. 1983 மே மாதம், போர்ஷே 956, 6 நிமிடம் 11.13 விநாடி, சராசரியே மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வயது 25. மறுநாள் ரேஸில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் ஃப்ளான்ஸ்கார்ட்டனில் காரைப் பறக்கவிட்டு நொறுக்கினார், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஸ்பாவில் ஆகிவிட்டது.

என் மகன் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறான். அடுத்த மாதம் நண்பர்களோடு அங்கே போய்க் காசு கட்டிக் கார் ஓட்டப்போகிறானாம். விடலாமா? (விழுப்புரம்)

அவன் உங்களைக் கேட்கிறான் என்பதே நல்ல பிள்ளை என்பதற்கு அடையாளம். ஆமாம், ஃபார்முலா ஒன்காரர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன டிராக்கில் டிக்கெட் எடுத்தால் நீங்களும் நானும் ஓட்டலாம். பொதுமக்களுக்குத் திறக்கும் நாட்களில் அது கணக்குப்படி ஒருவழிச் சுங்கச்சாலை. இடது பக்கமாகத்தான் முந்தவேண்டும், நேரம் பார்த்து ரேஸ் விடக்கூடாது. இதெல்லாம் எழுதிய விதி. குடும்பத்தோடு வந்த பழைய வேனும் போர்ஷேயும் ஒரே வளைவில் சந்திக்கிற இடம் என்பது எழுதாத விஷயம்.

அவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: யார் கார்? சாதாரண வாடகைக் கார் என்றால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த டிராக்கில் ஓட்டக்கூடாது என்றே போட்டிருக்கும், இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும். இடித்தால் கார் செலவோடு முடியாது, நசுங்கின தடுப்பு வேலிக்கும் மீட்பு வண்டிக்கும் சேர்த்து பில் வரும். கல்விக் கடன் கட்டுகிற வீட்டுக்கு அது தாங்காது.

ஆசைப்பட்டுவிட்டான், முழுக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அனுபவப்பட்ட ஓட்டுநர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போகிற வசதி அங்கே உண்டு. அந்த ஊரிலேயே ஹோட்டல்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்த ஸபீனே ஷ்மிட்ஸ் என்ற பெண்மணி வருஷக்கணக்காக அப்படி ஜனங்களை உட்காரவைத்து ஓட்டினார். 1996, 1997 இரண்டு வருஷமும் அங்கே நடக்கும் 24 மணி நேர ரேஸை ஜெயித்த அணியில் இருந்தவர். 2021-ல் புற்றுநோயில் போய்விட்டார், முதல் வளைவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். மகனை அந்த வளைவில் எடுத்த போட்டோவை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்து சீட்டிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.